வித்துரா மலையில் பொய் ஜன்னல் வைத்த பங்களா

போன மழைக்காலம் முடிந்ததிலிருந்து இந்த வலைப்பக்கத்துக்கு ஒரே கேள்விதான் வந்துகொண்டிருந்தது: “வித்துராவுக்கு மேலே இருக்கிற பேய் பங்களாவுக்குப் போனீர்களா?” கேட்ட எல்லோரும் ஒரே வீடியோவைப் பார்த்திருந்தார்கள். அரை நிமிடம்கூட ஓடாத வீடியோ. அந்தி நேரம், பாழடைந்த ஒரு வெள்ளைக்கார பங்களாவின் பக்கச் சுவர். மாடி ஜன்னலில் ஒரு பெண்ணின் முகம் நீலமாக ஒளிர்கிறது, அணைந்துவிடுகிறது. கீழே எழுதியிருந்தது: ‘இந்த ஜன்னலுக்குப் பின்னால் அறையே கிடையாது.’

பேயில் எனக்கு ஆர்வமில்லை. பின்னால் அறை இல்லாத ஜன்னல் என்ற அந்த வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் நிலச்சுவான்தார்கள் கட்டிய நாட்டுப்புற மாளிகைகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து பார்க்கும்போது ஜன்னல்கள் வரிசை தப்பாமல் இருக்க வேண்டும். உள்ளே ஜன்னல் தேவைப்படாத இடம் வந்தால், சுவரில் ஜன்னல் மாதிரி ஒன்றைச் செய்து வைத்துவிடுவார்கள். சட்டம், கண்ணாடி எல்லாம் இருக்கும், திறக்க மட்டும் முடியாது. படங்களில் பார்த்ததோடு சரி. நம் ஊரிலிருந்து அரை நாள் தூரத்தில் ஒன்று இருக்கிறது என்றால் எப்படிப் போகாமல் இருப்பது?

புதிதாக வந்திருப்பவர்களுக்காக: நான் திருவனந்தபுரம் வலியசாலைக்காரி. வார நாட்களில் இன்சூரன்ஸ் ஆபீஸ், மிச்ச நாட்களில் பழைய வீடு பார்ப்பது. துணைக்கு வருகிறவள் பாறசாலை ஜாஸ்மின். ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. அவளுக்குச் சுவரும் கூரையும் ஒரு பொருட்டில்லை, மலையும் சாயாவும் இருந்தால் எங்கே வேண்டுமானாலும் வருவாள். ஜனவரியில் ஒரு இரண்டாம் சனிக்கிழமை கிளம்பினோம்.

தம்பானூர் ஸ்டாண்டிலிருந்து காலை ஆறரைக்கு நெடுமங்காடு வழியாக வித்துரா போகும் பஸ். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், டிக்கெட் ஐம்பது ரூபாய்க்குள். நெடுமங்காடு தாண்டினால் ரப்பர், ரப்பர் முடிந்தால் குளிர். வித்துரா சந்தையில் அப்பமும் கடலைக்கறியும் சாப்பிட்டுவிடுங்கள், அதற்கு மேல் கடை கிடையாது. பொன்முடிக்குப் போகிற கூட்டம் இடப்பக்கம் திரும்பிப் போய்விடும். போனக்காடு சாலை வேறு. நாங்கள் போன எஸ்டேட் அந்தச் சாலையிலிருந்து பிரிந்து போகிறது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை, அங்கே குடியிருந்தவர்கள் கேட்டுக்கொண்டது அது.

பஸ் ஸ்டாண்டிலேயே ஜீப் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தவர் ஷிபு. போக, காத்திருக்க, திரும்பிவர எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பாதி மலையாளம் பாதி தமிழ் பேசினார். “பிரேதம் காணானா சேச்சி? எல்லாரும் சாயங்காலம் போவும், நீங்க ராவிலேயே போறீங்களே” என்றார். அவர் மலையாளத்தில் பிரேதம் என்றால் பேய், ராவிலே என்றால் காலையில். கணப்பு அடுப்பும் கூரையும் பார்க்கப் போகிறோம் என்றதும் அவருக்கு எங்கள் மேல் லேசான சந்தேகம் வந்துவிட்டது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பெயர், போன் நம்பர், ஆதார் நகல் கொடுக்க வேண்டும். கைவசம் நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை எண்ணித்தான் உள்ளே விடுவார்கள்.

சாவடி தாண்டி ஒரு மணி நேரம் ஜீப் குலுங்கியது. வாய் பேசாமல் இருப்பது நல்லது, நாக்கைக் கடித்துக்கொள்வீர்கள். பிறகு சட்டென்று தேயிலை. ஆனால் நாம் படத்தில் பார்க்கும் தேயிலை இல்லை. எஸ்டேட் மூடி வருஷக்கணக்கில் யாரும் கிள்ளாததால் செடிகள் ஆள் உயரத்துக்கும் மேலே மரமாகி, வெள்ளைப் பூ பூத்து நின்றன. நடுவில் தொழிலாளர் லயங்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். பலவற்றில் கூரையே இல்லை. மூன்று நான்கு வீடுகளில் மட்டும் துணி காய்ந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் பேரன் பேத்திகள்.

லயங்களுக்கு மேலே ஒரு திருப்பம். அதில் ஏறியதும் பங்களா.

மலைப்பங்களா என்றால் நாம் எதிர்பார்ப்பது தாழ்ந்த ஓட்டுக் கூரை, சுற்றிலும் வராந்தா. இது அப்படி இல்லை. இரண்டு மாடி, முகம் நேர்க்கோடாக நிமிர்ந்து நிற்கிறது. நடுவில் வாசல், வாசலுக்கு இருபுறமும் இரண்டிரண்டு உயரமான ஜன்னல்கள், மேலே அதே கணக்கில் ஐந்து. கூரையின் இரு முனையிலும் புகைபோக்கிகள். சுவர் முழுக்க இந்த மலையின் கருங்கல், சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது. ஜன்னல் சட்டங்கள் அயனி மரம். கூரைக்கு மட்டும் மங்களூர் ஓடு. மழை மூட்டத்தில் யாராவது படமெடுத்துக் காட்டினால் இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமம் என்று நம்பிவிடுவேன்.

கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் அந்த வீட்டின் பெரிய தப்பு கண்ணில் பட்டது. வீடு தெற்கும் மேற்குமாக முகம் காட்டி உட்கார்ந்திருந்தது. இங்கிலாந்தில் அப்படித்தான் கட்ட வேண்டும். அங்கே வெயில் கிடைப்பது அபூர்வம், கிடைக்கிற வெயிலும் தெற்கிலிருந்து வரும். அதனால் நல்ல அறைகளெல்லாம் தெற்கே பார்க்கும். இங்கே தென்மேற்கிலிருந்து வருவது இடவப்பாதி மழை. கட்டியவன் வெயிலுக்காகத் திறந்து வைத்த ஜன்னல்கள் எல்லாமே மழைக்கு நேராக வாய் திறந்திருந்தன. பிறகு வந்தவர்கள் முன்பக்கம் ஒரு தகரச் சார்பை இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். தகரம் துருப்பிடித்துத் தொங்குகிறது, தரைப்பலகைகள் ஜன்னலோரம் எல்லாம் உப்பிக் கறுத்துப்போயிருக்கின்றன.

முன்வாசல் பூட்டியிருந்தது. மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போனோம். வீடியோவில் வந்த சுவர் அதுதான். மாடியில் இரண்டு ஜன்னல்கள். வலப்பக்கம் இருப்பது நிஜம், உள்ளே படுக்கையறை. இடப்பக்கம் இருப்பதுதான் பொய் என்று ஜாஸ்மினுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் வேலைக்காரர்களின் மாடிப்படி ஏறுகிற இடம், அங்கே வெளிச்சம் எதற்கு என்று பலகை அடித்து, கறுப்புச் சாயம் பூசி, முன்னால் கண்ணாடி வைத்திருப்பார்கள் என்றேன். கையை நீட்டிக் காட்டினேன். காட்டிய விரலுக்கு நேரே ஒரு முகம் வந்து நின்றது.

“ஏசப்பா” என்று ஜாஸ்மின் என் கையைப் பிடித்தாள். உண்மையைச் சொல்கிறேன், அத்தனை நேரம் வகுப்பெடுத்த நானும் இரண்டடி பின்னால் போனேன். மேலே இருந்த முகம் எங்களைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியில்லாத சட்டத்துக்கு வெளியே கையை நீட்டி, கையிலிருந்த போனை அப்படியும் இப்படியும் திருப்பியது.

“ஹலோ. இப்ப கேக்குதா? ரெண்டு மணிக்குத்தானே? உறுதியா ரெண்டு மணிதானே?”

பேய்க்கு இருபத்து மூன்று வயது, பெயர் சுகன்யா, பி.எஸ்ஸி நர்சிங் முடித்திருந்தது. ஆனால் அதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பின்கட்டிலிருந்து ஓர் ஆள் வேகமாக வந்தார். காக்கிச் சட்டை, கையில் கம்பு. அவள் அப்பா தங்கராஜ், எஸ்டேட்டுக்கு வாச்சர். படம் எடுத்திருந்தால் அழியுங்கள், இல்லையென்றால் கீழே போக விடமாட்டேன் என்றார். குரல் உயரவில்லை, கம்பை மட்டும் வழிக்குக் குறுக்கே பிடித்தார். பேய் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். போனை அவர் கையிலேயே கொடுத்தேன். புகைபோக்கி, ஓடு, கதவுக் கீல், துருப்பிடித்த தகரம் என்று முப்பது நாற்பது படம் வரிசையாக வந்ததும் அவர் முகம் மாறியது. மேற்குச் சுவர்ப் படங்கள் இரண்டை மட்டும் நானே அழித்தேன்.

“தமிழா? உள்ளே கூட்டிட்டு வாங்க, வெயில்ல எதுக்கு நிக்கணும்” என்று சமையலறை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. சுகன்யாவின் அம்மா செல்வராணி. அவித்த மரச்சீனிக் கிழங்கு, தொட்டுக்கொள்ள காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தி, பால் விடாத கட்டன் சாயா. சாப்பிட்டுக்கொண்டே கேட்டதை இங்கே கோவையாகச் சொல்லிவிடுகிறேன்.

எஸ்டேட் மூடிய பிறகும் பங்களாவைப் பார்த்துக்கொள்ள வாச்சர் ஒருவரைக் கம்பெனி வைத்திருக்கிறது. அவர் தங்கிக்கொள்ளப் பின்னால் ஒரு கொட்டகை. இரண்டு மழைக்கு முன்னால் அதன் கூரை விழுந்தது. இவர்கள் பிறந்த லயத்து வீட்டுக் கூரை அதற்கும் முன்பே போய்விட்டது. வேறு வழியில்லாமல் பங்களாவின் பின்கட்டுக்கு வந்துவிட்டார்கள். அதுவும் ஒழுகியது, மழை ராத்திரிகளில் பாத்திரம் மாற்றி மாற்றி வைத்து விழித்திருப்பார்கள். கம்பெனிக்குத் தெரியாது. தங்கராஜ் தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்: சமையலறை, சாமான் அறை, பின்மாடிப்படி, இவ்வளவுதான். முன்பக்க அறைகளில் மாதம் ஒரு முறை பெருக்கப் போவதோடு சரி. சாவி இடுப்பிலேயே இருந்தாலும் அங்கே போய் உட்கார்ந்ததுகூட இல்லை.

மகள் தக்கலையில் தங்கி நர்சிங் படித்தாள், பிறகு திருவனந்தபுரத்தில் ஜெர்மன் படித்தாள். நம் பக்கத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நர்சிங் முடித்த பெண் இருக்கிற வீட்டில் எல்லாம் பி-டூ என்ற சொல் தெரியும். ஜெர்மனியில் வேலைக்குப் போக அந்தப் பரீட்சை தேற வேண்டும். இவள் தேறிவிட்டாள். அதற்கப்புறம் ஏஜென்ட்டின் அழைப்புக்காக வீட்டில் காத்திருந்தாள். அந்த மலையில் போனுக்கு ரேஞ்ச் கிட்டுகிற ஒரே இடம் பின்மாடிப்படியின் திருப்பம், பொய் ஜன்னலின் முன்னால். பலகை எப்போதோ இற்று விழுந்துவிட்டதால் அது உண்மையான ஜன்னலாகியிருந்தது. ஒருநாள் அந்தியில் அவள் அங்கே நின்று ஏஜென்ட்டோடு பேசும்போது, கீழே நின்ற யாரோ வீடியோ எடுத்துவிட்டார்கள்.

“அன்னிக்கு அவங்க கத்திக்கிட்டு ஓடினாங்க அக்கா. ஏதோ யானை வந்திருச்சுன்னு நான் நெனைச்சேன்” என்றாள் சுகன்யா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதன் பிறகு சனி ஞாயிறுகளில் கூட்டம். டார்ச் அடிப்பார்கள், கூப்பாடு போடுவார்கள், ஒருமுறை கல்லெறிந்து மீதிக் கண்ணாடியும் போயிற்று. ஆள் இருக்கிற நேரத்தில் அவளால் படியேற முடியாது. அப்படி எடுக்க முடியாமல் போன அழைப்பு ஒன்றில் ஓர் ஆஸ்பத்திரியின் இண்டர்வ்யூவே கைநழுவிவிட்டது.

உங்கள் மகள்தான் என்று சொல்லிவிட்டால் என்ன என்று ஜாஸ்மின் கேட்டாள். எனக்கும் அதுதான் தோன்றியது.

தங்கராஜ் சாயாவைக் கீழே வைத்தார். “பேய்னு சொன்னா ஆள் வருது. பேய் இல்ல, எம் பொண்ணுன்னு சொன்னா கம்பெனி வரும். எதைச் சொல்லட்டும் மேடம்?”

அன்று மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு இன்னோர் ஆஸ்பத்திரியோடு வீடியோவில் இண்டர்வ்யூ. அதற்குத்தான் அவள் காலையிலிருந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கிளம்பிவிடுகிறோம் என்றேன். செல்வராணி விடவில்லை. மகள் தயாராகிற வரை பங்களாவைக் காட்டச் சொல்லிக் கணவரை அனுப்பினார்.

பங்களாவின் கதையைத் தங்கராஜ் சொல்லித்தான் கேட்டேன். கட்டியவன் பெயர் யாருக்கும் தெரியாது, பழைய தொரை என்றுதான் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் அவன் அப்பாவுக்குப் பெரிய மாளிகை இருந்ததாம். அங்கே வீடும் நிலமும் மூத்த மகனுக்கு. இளையவன் இவன், கப்பல் கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தேயிலையில் கொஞ்சம் நிமிர்ந்ததும் அதே வீட்டை நினைவிலிருந்து சிறிதாகக் கட்டினானாம். எஸ்டேட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை, ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஆனால் வீட்டைச் சுற்றி வந்தபோது எனக்கு நம்பத் தோன்றியது. இந்த மலையைப் பார்த்துத் திட்டம் போட்டவன் இப்படிக் கட்டமாட்டான். மழை எந்தப் பக்கம் என்று கேட்காமல், பிறந்த வீடு எந்தப் பக்கம் பார்த்ததோ அந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறான். அந்த மூத்தவனின் வீடு இன்னும் நின்றால், அந்த ஊர் அரசாங்கத்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கும். இளையவனின் வீடு எந்தப் பட்டியலிலும் இல்லை.

உள்ளே ஒவ்வொரு பெரிய அறையிலும் கணப்பு அடுப்பு. அதற்கு மேல் கல்லில் செதுக்கிய கொடி, செதுக்கியவர் நம் ஊர்க் கோவில் வேலை பழகியவராக இருக்க வேண்டும், ஐரோப்பியத் திராட்சைக் கொடி நம் கோவில் தூணின் கொடியாகவே நெளிந்திருந்தது. மாடியில் நீண்ட நடைகூடம், கடைசியில் சுவரைவிட்டு வெளியே தள்ளிக் கட்டிய அகல ஜன்னல். நடைகூடத்தின் இந்த முனையில் ஒரு தடித்த கதவு. அதன் ஒரு பக்கம் பச்சைக் கம்பளித் துணி அறைந்து, பித்தளை ஆணிகள் வரிசையாக. துணியைப் பூச்சி அரித்திருந்தது. இதுவும் அங்கத்திய வழக்கம்தான். வேலைக்காரர்கள் இருக்கும் பகுதியின் சத்தமும் சமையல் வாசனையும் எஜமானர் பக்கம் வராமல் இருக்க அப்படி ஒரு கதவு வைப்பார்கள். அந்தக் கதவுக்கு அப்புறம்தான் பின்மாடிப்படியின் திருப்பம், பொய் ஜன்னல்.

அந்தத் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, போனைச் செங்கல் மேல் சாய்த்து சுகன்யா தயாராகியிருந்தாள். ஆபீஸில் வீடியோ மீட்டிங் நடத்திப் பழகிய ஜாஸ்மின் திரையைப் பார்த்தாள். வெளிச்சம் முகத்தில் நன்றாக விழுந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் மூடிய கதவின் கறுத்த பலகையும் ஒட்டடையும். “ஜெயில்ல இருந்து பேசுறது போல இருக்கு மோளே. அந்தக் கதவைத் தொறந்தா நல்லா இருக்கும் கேட்டியா” என்றாள்.

சுகன்யா அப்பாவைப் பார்த்தாள். பெருக்குகிற நாள் தவிர அந்தக் கதவு திறந்து வைப்பதில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தங்கராஜ் பலகையிலிருந்த ஒட்டடையைக் கையால் துடைத்தார். பிறகு கதவை முழுக்கத் தள்ளித் திறந்து, ஒரு செங்கல் வைத்து நிறுத்தினார். நடைகூடத்தின் கடைசி ஜன்னல் வரை பளிச்சென்று தெரிந்தது.

அப்போதுதான் கீழே பைக் சத்தம் கேட்டது.

மூன்று பையன்கள், இரண்டு பைக். களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள், காமிரா மாட்டுகிற கம்பியோடு. தங்கராஜ் கம்பை எடுத்தார். வேண்டாம், சண்டை நடந்தால் அதையும் வீடியோ எடுப்பார்கள், சத்தம் மேலே கேட்கும் என்றேன். அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். என்ன செய்யப்போகிறேன் என்று படியிறங்கும்போது எனக்கே தெரியாது.

முன்வாசலில் நின்று, பங்களாவின் வரலாறு பார்க்கத்தானே வந்தீர்கள், வாருங்கள் என்றேன். இருபது வருஷமாகப் பாலிசி விற்ற குரல் அது, இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வாசல்படிக் கல்லிலிருந்து ஆரம்பித்தேன். சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பது, அயனி மரத்தைத் தண்ணீரில் ஊறப்போடுவது, ஓட்டுச் சரிவின் கணக்கு. கணப்பு அடுப்புக்குள் தலையை விட்டு வானம் பார்க்க வைத்தேன். கிழக்கு அறை, தெற்கு அறை, மறுபடி கிழக்கு அறை. வீட்டில் என் கணவர் நான் ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவார். இரண்டு பேர் ஏறக்குறைய அந்த நிலைக்கு வந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது பையன் அபின் மட்டும் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். அந்தக் கேள்விகளில் ஒன்று: “அக்கா, வீடியோல வந்த ஜன்னல் எந்த சைடு?”

மழை எந்தப் பக்கமிருந்து வரும் என்று விளக்கத் திரும்பினேன். அவன் அதற்குள் மேற்குப் பக்கம் நடந்துவிட்டான். பின்னாலேயே ஓடினேன். அவன் சுவருக்குக் கீழே அண்ணாந்து நின்றான், போன் பாதி உயர்ந்திருந்தது. மேலே சுகன்யாவின் முகம் நன்றாகத் தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை அசைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை. ஒரு சொல் நின்றது, தேடினாள், பிடித்துக்கொண்டாள், மறுபடி ஓடியது.

அவள் அப்பாவின் கேள்வி என் நினைவில் இருந்தது. ஆனாலும் வேறு என்ன சொல்வது?

“பேய் இல்ல தம்பி. இண்டர்வ்யூல இருக்கா. இந்த மலையில அவளுக்கு ரேஞ்ச் கிட்டுற இடம் அது ஒண்ணுதான். இங்க ஆள் இருக்காங்கன்னு வெளியில தெரிஞ்சா இவங்களுக்கு இந்த எடமும் போயிரும்.”

அவன் இன்னும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தான். “ஜெர்மனா?”

ஆமாம் என்றேன்.

“பி-டூ பாஸ் ஆயிட்டா இல்லியா? எங்க அக்கா ரெண்டு தடவ எழுதியாச்சு. கேக்கிற பார்ட்டுல போச்சு.” போனைப் பாக்கெட்டில் போட்டான். அடுத்து அவன் கேட்டது நான் எதிர்பாராதது. அவள் பேசி முடித்த பிறகு நம்பர் கிடைக்குமா, அக்காவுக்குப் பேசிப் பழக ஆளில்லை என்றான். நாங்கள் இருவரும் அந்தச் சுவருக்குக் கீழேயே சத்தமில்லாமல் நின்றோம். வாசல்படியில் இருந்த நண்பர்கள் கூப்பிட்டபோது, ஒண்ணுமில்ல, இங்க சும்மா பலகைதான் என்று அவனே சொன்னான்.

அந்த இண்டர்வ்யூ நன்றாக முடியவில்லை. கடைசிப் பகுதியில் லைன் இருமுறை அறுந்தது. மூன்றாவது முறை அறுந்ததும் அவர்கள் திரும்ப அழைக்கவில்லை. சுகன்யா கீழே வந்து, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, நம்பரைத் தானே அபினின் போனில் அடித்துக் கொடுத்தாள். அவர்கள் போன பிறகுதான் அழுதாள். தங்கராஜ் மேலே போய்ப் பச்சைத் துணிக் கதவை மூடுகிற சத்தம் கேட்டது. நான்கரைக்கு ஷிபு ஹாரன் அடித்தார், யானை இறங்குகிற நேரம் என்று.

அன்று பார்த்ததை நான் எழுதவில்லை. பேய் பங்களாவுக்குப் போனீர்களா என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான், கோபித்துக்கொள்ள வேண்டாம். எந்த வீடியோவும் புதிதாக வரவில்லை. அபின் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. அவன் அக்காவும் சுகன்யாவும் சாயங்காலங்களில் போனில் ஜெர்மன் பேசிப் பழகினார்கள். ஒன்றரை மாதம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரியின் இண்டர்வ்யூவுக்கு அவள் களியக்காவிளையில் அபின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினாள். அது கிடைத்தது. விசா வருகிற வரை வித்துராவில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தாள், அந்தச் சம்பளத்தில் வாடகைக்கு வீடு எடுத்து அப்பா அம்மாவை இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தங்கராஜ் இப்போதும் பகலில் மேலே போய்வருகிறார். பின்கட்டில் குடியிருந்ததைக் கம்பெனி ஆளிடம் அவரே சொன்னாராம். கொட்டகைக் கூரை விழுந்ததை ஏன் அப்போதே சொல்லவில்லை என்றார்களாம். சொன்னேனே என்றாராம். இனி எழுதலாம் என்று வீட்டார் மூவருமே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். எஸ்டேட்டின் பெயர் மட்டும் வேண்டாம் என்றார் செல்வராணி, இன்னும் லயத்தில் இருப்பவர்களுக்காக.

இதே மாதிரி மலைப்பங்களாக்களைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மழை விட்ட பிறகு, டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். காலையில் போய் நான்கு மணிக்குள் இறங்கிவிடுங்கள். அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் கொண்டுபோங்கள், காலுறையைப் பேண்ட்டுக்கு மேலே இழுத்துவிடுங்கள். மரத்தரையில் சுவரோரமாக நடங்கள், நடுவில் பலகை இற்றிருக்கும். பூட்டியிருந்தால் திரும்பி வாருங்கள். எங்கேயாவது ஆள் இல்லாத வீடு என்று தோன்றினால், பின்பக்கம் போய்க் குரல் கொடுத்துப் பாருங்கள், பிறகு காமிராவை எடுக்கலாம்.

போன வாரம் விமானம் ஏறுவதற்கு முன்னால் சுகன்யா என்னைக் கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக, நாங்கள் போயிருந்த அன்றைய இண்டர்வ்யூவில் நடந்த ஒன்றைச் சொன்னாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். லைன் அறுவதற்குக் கொஞ்சம் முன்னால், கேள்வி கேட்ட அம்மாள் அவள் முதுகுக்குப் பின்னால் தெரிந்த நடைகூடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவ்வளவு அழகான பழைய வீடு யாருடையது என்று கேட்டாளாம்.

“எங்க வீடுன்னு சொல்லிட்டேன் அக்கா. அப்பா பக்கத்துல நின்னாரு, அவருக்கு அந்த பாஷை தெரியாது. அது பொய்யாக்கா?”

பழைய தொரையிலிருந்து இன்றைய கம்பெனி வரை அந்த வீடு யார் யார் கைமாறி வந்தது என்று நான் அதற்குள் விசாரித்து வைத்திருந்தேன். ஆனால் அதில் ஒருவராவது அங்கே இவள் குடும்பத்தைப் போல ஒழுகும் இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்து இரண்டு மழைக்காலம் விழித்திருந்தாரா என்பது எனக்குத் தெரியாது.

பொய் இல்லை என்றேன்.